அத்தியாயம் 7: பதிவேடு, பெஞ்சு, தட்டு

கோயம்புத்தூரில் படித்த காலத்தில் இரட்டைமலை சீனிவாசன் மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவார். அதுவரை வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். சிநேகிதம் என்று யாராவது நெருங்கினால் ஊர் எது, வீடு எந்தத் தெரு, சொந்தக்காரர் யார் என்று பேச்சு போகும், சாதி தெரிந்துவிடும். அந்தப் பயத்தை 1939இல் வெளியான தம் சிறிய தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர், மாணவனாக இருந்தபோது பக்கத்துப் பையனோடு பேசத் தயங்கியிருக்கிறார்.

மணி அடித்த பிறகு வருகிற பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். சாப்பாட்டு டப்பாவை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடுகிறவர்கள், பேருந்தில் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்குகிறவர்கள், அம்மா பள்ளிக்கு வந்தால் "இங்க நம்ம பேச்சு பேசாத" என்று முந்தானையைப் பிடித்து இழுக்கிறவர்கள். கணக்குப் போட வேண்டிய மூளையில் பாதி, தன்னை ஒளித்துக்கொள்ளும் வேலையில் செலவாகிறது. அந்தப் பாதியைப் பாடத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

நான் பின்பற்றச் சொல்லும் விதி ஒன்றே ஒன்று. ஒரு பிள்ளையின் சாதி, மதம், தாய்மொழி, தோல் நிறம், பிறந்த ஊர் எதையும் நாமாக வகுப்பின் முன்னால் இழுத்துப் போடக் கூடாது. அந்தப் பிள்ளையே வெளியே எடுத்து வைத்தால் கூச்சப்படும்படியும் விடக் கூடாது. முதல் பாதியை மீறுகிற ஆசிரியரை எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் பாதியை மீறுபவர் பெரும்பாலும் நல்லவர். "எனக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான், நான் வித்தியாசமே பார்ப்பதில்லை" என்பார். பார்க்காமல் இருந்தால் கருவாட்டு வாசனையைக் கிண்டல் செய்யும் குரலும் காதில் விழாது. இவருக்காகத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். முன்னவர் இந்தப் புத்தகத்தை வாங்கமாட்டார்.

இனபேதம் என்றவுடன் அமெரிக்காவையும் தென்னாப்பிரிக்காவையும் நினைப்பவர்கள் நம் பள்ளி ஒன்றில் இடைவேளை நேரத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும். காவலாளி வேலைக்கு வந்த நேபாளக் குடும்பத்துப் பையன் "கூர்க்கா", மணிப்பூர்ப் பெண் "சைனா", பீகார்ப் பிள்ளை "வடக்கன்", நம்மூர்க் கறுத்த பிள்ளைக்கு ஒரு டஜன் பட்டப்பெயர். இவை சாதியோடு சேர்ந்தும் தனித்தும் வேலை செய்யும். பட்டப்பெயரை ஆசிரியர் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால் அது அந்தப் பிள்ளையோடு பத்தாம் வகுப்பு வரை போகும்.

பதிவேடு

வகுப்பறையில் சாதி பெரும்பாலும் வசவாக வருவதில்லை. படிவமாக வருகிறது. "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திரிங்க, ஸ்காலர்ஷிப் லிஸ்ட் எடுக்கணும்" என்று ஓர் ஆசிரியர் சொல்லும்போது அவர் மனத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. மாலைக்குள் பட்டியல் கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் நாற்பது பேர் உட்கார்ந்திருக்க ஒன்பது பேர் எழுந்து நிற்கிறார்கள். அதுவரை தெரியாதவர்களுக்கும் அன்று தெரிந்துவிடும். உதவித்தொகை ஓர் உரிமை. அதை வாங்க எழுந்து நின்று காட்ட வேண்டும் என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை.

மாற்று வழி எளிது. தேவையான விவரம் பெரும்பாலும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான இ.எம்.ஐ.எஸ்.ஸில் ஏற்கெனவே இருக்கிறது. அங்கிருந்தே பட்டியல் எடுங்கள். விடுபட்ட சான்று கேட்க வேண்டுமானால், மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கி எல்லாப் பிள்ளைகளின் விடுபட்ட காகிதங்களையும் சேர்த்துக் கேளுங்கள். ஒருவருக்கு ஆதார் திருத்தம், ஒருவருக்கு வங்கிக் கணக்குப் புத்தகம், ஒருவருக்கு வருமானச் சான்று, ஒருவருக்குச் சாதிச் சான்று. என்ன வேண்டும் என்பதை மடித்த சீட்டில் எழுதி எல்லோர் கையிலும் கொடுத்தால் யாருடைய சீட்டில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நரிக்குறவர், இருளர், காட்டுநாயக்கர் பிள்ளைகளிடம் இதில் இன்னும் பொறுமை வேண்டும். பழங்குடிச் சான்று கிடைப்பதற்குள் பல குடும்பங்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்து களைத்திருக்கும். நரிக்குறவர்கள் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டதே அண்மையில்தான். "இன்னும் கொண்டுவரலையா?" என்று தினமும் கேட்பதால் தாசில்தார் கையெழுத்து சீக்கிரம் வந்துவிடாது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, மாணவரைச் சாதி தெரியும்படி அழைக்கக் கூடாது, அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. இவற்றில் பாதிக்கு அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பதிவேடு உங்கள் மேஜையில்தான் இருக்கிறது.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் படிவங்கள் எல்லாப் பிள்ளைக்கும் இனிஷியல் உண்டு என்று நம்புகின்றன. ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்த பிள்ளைக்குக் குடும்பப்பெயர் இருக்கும், இனிஷியல் இருக்காது. நாமாக ஒன்றை உருவாக்கி ஒட்டினால் ஆதாரில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று ஆகி, ஊர் திரும்பிய பிறகு அந்தக் குடும்பம் அல்லாடும். முதல் நாளே பிள்ளையைத் தனியே கூப்பிட்டுப் பெயரைச் சொல்லச் சொல்லி, அது சொன்ன மாதிரியே தமிழில் எழுதி, சரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாயில் நுழையவில்லை என்று சுருக்கி வேறு பெயர் வைக்காதீர்கள்.

பெஞ்சு

அகர வரிசை நல்ல கவசம். "டீச்சர், எம் பொண்ண அந்தப் பிள்ள பக்கத்துல உக்கார வைக்காதீங்க" என்று ஓர் அம்மா வந்து நின்றால், அவரோடு சாதி பற்றி விவாதம் நடத்த வேண்டியதில்லை. "இந்த மாசம் பேர் வரிசையிலதான் உக்கார்றாங்கம்மா, ஒருத்தருக்கு மாத்துனா எல்லாருக்கும் மாத்தணும்" என்று சொல்லலாம். அவர் விடாமல் காரணத்தைச் சொன்னால் மட்டும், குரலை உயர்த்தாமல், "அந்தக் காரணத்துக்காக இடம் மாத்த எனக்குச் சட்டத்துல இடமில்லைங்க" என்று முடித்துவிடுங்கள். அந்த அம்மா மீது கோபப்பட்டு அவருடைய மகளைத் தனியாகக் கவனிக்க ஆரம்பித்தால் அது இன்னொரு பாகுபாடு.

ஆனால் அகர வரிசையே ஆண்டு முழுக்க இருந்தால் கண் பார்வை குறைந்த பிள்ளையும் காது மந்தமான பிள்ளையும் பின்பெஞ்சில் மாட்டிக்கொள்வார்கள். அவர்களுக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டு மற்றவர்களை வரிசைப்படுத்துங்கள். மாதம் ஒருமுறை வரிசையை நகர்த்துங்கள். ஒரே மொழி பேசும் இரண்டு பிள்ளைகள் புதிதாக வந்திருந்தால் முதல் சில வாரங்கள் அவர்கள் சேர்ந்திருக்கட்டும்.

இருக்கையை விட நுட்பமானது வேலைப் பங்கீடு. லீடர் யார்? ஆசிரியருக்குத் தண்ணீர் கொண்டுவருவது யார்? பெருக்குவது யார்? ஒரு வாரம் எழுதி வைத்துப் பாருங்கள். தண்ணீர் கொண்டுவரச் சில பிள்ளைகளை நம் நாக்கு கூப்பிடுவதேயில்லை என்பதும், பெருக்கும் வேலைக்குச் சில பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன என்பதும் தெரியும். கழிப்பறையைச் சுத்தம் செய்ய எந்தப் பிள்ளையையும் அனுப்பக் கூடாது. பட்டியல் சாதிப் பிள்ளைகளை அனுப்பியதற்காக 2022இல் ஈரோடு மாவட்டத்தில் ஒரு தலைமையாசிரியர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதே ஆனார். மற்ற வேலைகளுக்குச் சுழற்சிப் பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள். ஆசிரியரின் தண்ணீர் டம்ளரும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.

தென் மாவட்டங்களில் கைக்கயிறு ஒரு தனிச் சிக்கல். நிறத்தைப் பார்த்தே சாதி சொல்லிவிடலாம். 2019இல் பள்ளிக் கல்வித் துறை இதைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்பியது. உடனே எதிர்ப்பும் கிளம்பியது. சந்துரு குழுவும் கயிறு கூடாது என்றே சொல்கிறது. என் கருத்தும் அதுதான். ஆனால் பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கத்தரிக்கோலால் வெட்டுவது அந்தப் பையனை அவன் கூட்டத்தில் வீரனாக்கும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் விதியைப் பேசி, தீர்மானம் போட்டு, எல்லாக் கயிற்றுக்கும் எல்லா நிறத்துக்கும் ஒரே நாளில் நடைமுறைப்படுத்துங்கள். கோயில் கயிறு என்று சொல்லும் பிள்ளையிடம் தனியே பேசுங்கள்.

மத அடையாளங்களில் ஒரு சோதனையை நாமே செய்துகொள்ளலாம். கார்த்திகையில் மாலை போட்ட பையன் செருப்பில்லாமல் கறுப்பு வேட்டியோடு வந்தால் அனுமதிக்கிறோமா? அப்படியானால் குல்லாவுக்கும் தலைத்துணிக்கும் சிலுவைக்கும் அதே முகத்தோடு பதில் சொல்ல வேண்டும். ரம்ஜான் மாதத்தில் நோன்பிருக்கும் பிள்ளையை மதியம் வெயிலில் ஓடவிடாமல் ஸ்கோர் எழுத வைக்கலாம். "தண்ணி குடி, ஒண்ணும் ஆகாது" என்று அக்கறையாகச் சொல்வதும் தொல்லைதான்.

தட்டு

தமிழ்நாட்டில் பள்ளிச் சாப்பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு: நீதிக்கட்சி காலத்துச் சென்னை, 1950களில் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022இல் காலை உணவு. பசியை ஆற்றியதோடு, ஒரே பந்தியில் உட்கார வைத்ததும் இதன் சாதனை. அதனால்தான் சண்டையும் இங்கேதான் வருகிறது. காலை உணவைப் பட்டியல் சாதிப் பெண் சமைக்கிறார் என்பதற்காகச் சில ஊர்களில் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் பெற்றோர் தடுத்தார்கள். அமைச்சரும் ஆட்சியரும் நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. ஆட்சியர் தினமும் வரமாட்டார். ஆசிரியர் வாரத்தில் சில நாளாவது பிள்ளைகளோடு அதே சோற்றைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஊரில் பேச்சு பாதி அடங்கும். சமையலரை "ஏய், ஆயா" என்று கூப்பிடாமல் "அக்கா" என்று ஆசிரியர் அழைத்தால் பிள்ளைகளும் அப்படியே அழைப்பார்கள்.

வீட்டுச் சாப்பாடு கொண்டுவரும் பள்ளிகளில் மாட்டுக்கறி, பன்றிக்கறி, கருவாடு, நத்தை எது வந்தாலும் ஆசிரியர் முகம் மாறக் கூடாது. "ஐயே" என்ற ஒரு சத்தம் வந்தால் அன்றே நிறுத்துங்கள். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறோம். அந்தப் பிள்ளையின் பழக்கத்தை மதிக்கிறோம். அதே மதிப்பு எதிர்ப்பக்கத்துத் தட்டுக்கும் உண்டு. பள்ளி வளாகத்தில் அசைவம் கூடாது என்று விதி போடும் தனியார் பள்ளிகள், தங்கள் மாணவர்களில் எத்தனை பேர் அசைவம் உண்ணும் வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பாடமும் மேடையும்

பண்பாட்டை மதிப்பது என்றால் ஆண்டுக்கு ஒருமுறை மாறுவேடப் போட்டி வைப்பது என்றாகிவிட்டது. ஒரு பிள்ளைக்கு ஊசிமணி மாலை போட்டு, முகத்தில் கரி பூசி, நரிக்குறவர் வேடம் கட்டி மேடையில் ஏற்றுகிறோம். கீழே நிஜமான நரிக்குறவர் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்து அதைப் பார்க்கிறது. ஒரு சமூகத்தையே ஆபாசமாகக் காட்டிய குறவன் குறத்தி ஆட்டத்தை அரசு 2023இல் தடை செய்தது. பள்ளி ஆண்டுவிழாவில் அதன் சாயல்கூட வேண்டாம். நாடகத்தில் சிவப்பான பிள்ளை ராஜா, கறுத்த பிள்ளை அரக்கன் என்ற தேர்வையும் ஒருமுறை திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஓவிய வகுப்பில் மங்கலான ஒரு ரோஸ் நிறத்தைத் "தோல் கலர்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். யாருடைய தோல் என்று கேட்டு, எல்லோரையும் தங்கள் கையைப் பார்த்து நிறம் கலக்கச் சொல்லுங்கள். ஒரு பிரியட் நன்றாகப் போகும்.

பிள்ளைகளின் உலகம் மேடையில் ஏறுவதை விடப் பாடத்துக்குள் வருவது மேல். பாம்புக்கடி, நச்சுமுறிவு மருந்து பற்றி அறிவியல் பாடம் நடத்தும்போது, அந்த மருந்துக்கான நஞ்சை எடுத்துக்கொடுப்பதில் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று சொல்லுங்கள். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது என்று சொல்லுங்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் கடினம். வகுப்பில் இருளர் பையன் இருந்தால், "டேய், உங்கப்பாவும் பாம்பு பிடிப்பாரா?" என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்காதீர்கள். அறிவை எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. அவன் விரும்பினால் அவனே கை தூக்குவான். அவன் அப்பா லாரி ஓட்டுபவராகவும் இருக்கலாம்.

கணக்கிலும் இப்படித்தான். செங்கல் சூளைக் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் கொடுக்கப்படுகிறது. பெருக்கல், சதவீதம், முன்பணக் கழிவு என்று அதிலிருந்து நல்ல கணக்குகள் செய்யலாம். யார் வீட்டுக் கணக்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மொழி

வடக்கிலிருந்து வரும் பிள்ளை எல்லாம் இந்திப் பிள்ளை என்று நாம் எண்ணுகிறோம். பீகாரிலிருந்து வந்தவர் வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ மகஹியோ பேசுவார்கள். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பக்கத்திலிருந்து சூளைக்கு வரும் குடும்பங்கள் பேசுவது சம்பல்புரி. பாடநூல் ஒடியாவே அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் அந்நியம். ஜார்க்கண்ட் பிள்ளை சந்தாலியோ முண்டாரியோ குருக்கோ பேசலாம். குருக் திராவிட மொழி, நம் மொழிக்குத் தூரத்து உறவு. நரிக்குறவர்களின் வாக்ரிபோலி குஜராத்திக்கு நெருங்கியது. தமிழ்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை ஒன்றாம் வகுப்பில் தமிழைப் புதிதாகக் கற்கிறது என்பது பல ஆசிரியர்களுக்கு உறைப்பதில்லை. மந்தம் என்று எழுதிவிடுகிறார்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து வரும் பிள்ளையின் தமிழையோ, "இது என்ன தமிழ்?" என்று கேட்டு வகுப்பைச் சிரிக்க வைக்கிறோம்.

இந்த மாநிலத்தில் படிக்கும் பிள்ளை தமிழ் கற்கத்தான் வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டமும் அதைச் சொல்கிறது, அந்தப் பிள்ளைக்கும் அதுதான் நல்லது. ஆனால் வீட்டு மொழியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னால் தமிழ் வேகமாக வராது, பேச்சே நின்றுவிடும். முதல் மாதங்களில் பிள்ளை தன் மொழியில் யோசித்து, படம் வரைந்து, சைகையில் பதில் சொல்லட்டும். கணக்கில் கெட்டியாக இருக்கும் பிள்ளையைத் தமிழ் வாசிப்பை வைத்து எடை போடாதீர்கள். திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் ஒடியா பாடநூல்களும் ஒடியா தெரிந்த ஆசிரியர்களும் கொண்டு வகுப்புகள் நடத்தப்பட்டதுண்டு. உங்கள் பகுதியில் அப்படி ஏதும் உண்டா என்று வட்டார வள மையத்தில் கேளுங்கள். தினமும் கரும்பலகை மூலையில் ஒரு சொல்லை வகுப்பில் உள்ள எல்லா மொழிகளிலும் எழுதுவது சிறிய வேலை. முறை வைத்து எழுதினால் தமிழ்ப் பிள்ளைகளும் தங்கள் வட்டாரச் சொல்லைக் கொண்டுவருவார்கள்.

சண்டை வந்தால்

சாதிப் பெயர் சொல்லித் திட்டியது காதில் விழுந்தால் பாடத்தை நிறுத்துங்கள். "இந்த வகுப்புல அந்த வார்த்தைக்கு இடமில்ல" என்று ஒரு வரி போதும், உபதேசம் வேண்டாம். இருவரையும் நிறுத்திக் கைகுலுக்க வைக்காதீர்கள். அடிபட்டவரையும் அடித்தவரையும் சமமாக்கும் அந்தச் சமரசம் பெரியவர்களுக்குத்தான் நிம்மதி. புண்பட்ட பிள்ளையிடம் தனியே பேசுங்கள். திட்டிய பிள்ளையிடமும் தனியே பேசுங்கள். அந்தச் சொல் வீட்டிலிருந்து வந்ததா, வாட்ஸ்அப் குழுவிலிருந்து வந்ததா என்று தெரிந்துகொண்டால் அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்பது தெரியும். நடந்ததை அதே சொற்களில், தேதி நேரத்தோடு எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். திட்டியது சக ஆசிரியர் என்றாலும் இதுவே வழி. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

நாங்குநேரியில் அந்த மாணவர் துன்புறுத்தல் தாளாமல் பள்ளிக்கு வருவதையே நிறுத்தியிருந்தார். பள்ளிக்கு விஷயம் தெரிந்து, புகார் எழுதி வாங்கப்பட்டது. அதன் பிறகுதான் வீடு தேடி வந்தார்கள். ஆகவே புகாரை வாங்கி வைப்பதோடு பள்ளியின் வேலை முடிவதில்லை, அப்போதுதான் தொடங்குகிறது. புகார் கொடுத்தவர் பெயர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று மாலை அந்தப் பிள்ளை யாரோடு வீட்டுக்குப் போகிறது என்று கேளுங்கள், பெற்றோருக்குப் போன் செய்யுங்கள், மிரட்டல் இருந்தால் காவல் நிலையத்துக்கு அன்றே சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று வந்தால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகிய இரண்டும் பிள்ளைகள் பார்க்கும் இடத்தில், தலைமையாசிரியர் அறைக்குள் அல்லாமல், எழுதியிருக்க வேண்டும்.

நடுவில் போகும் பிள்ளைக்கு

சூளைப் பருவம் முடிந்தால் சில பிள்ளைகள் ஒரு திங்கள்கிழமை திடீரென்று வராமல் போவார்கள். இடைநின்றவர் என்று எழுதிவிடுவது சுலபம். பருவம் எப்போது முடிகிறது என்று முன்பே விசாரித்து, ஒரு பக்கத் தாள் தயாராக வைத்திருங்கள்: எந்த வகுப்பு, எதுவரை வாசிக்கிறது, என்ன கணக்குப் போடுகிறது, எதில் ஆர்வம், இ.எம்.ஐ.எஸ். எண், பள்ளியின் தொலைபேசி எண். தமிழில் எழுதினால் அந்த ஊரில் யாராலும் படிக்க முடியாது. ஆங்கிலத்திலும் ஒரு பிரதி வையுங்கள். மாற்றுச் சான்றிதழை உடனே கொடுக்கத் தலைமையாசிரியர் கடமைப்பட்டவர். அது தாமதமானாலும் அதைக் காரணம் காட்டி அடுத்த பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ முடியாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. இதைப் பெற்றோருக்கு அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை வைத்துச் சொல்லி அனுப்புங்கள். பெரும்பாலான பெற்றோருக்கு இது தெரியாது, சில தலைமையாசிரியர்களுக்கும்.